ஹட்சன் நதிக்கரையில் ஓர் ஆலையூர்

ஊர்கள் பல வகையாகத் தோன்றுகின்றன. கோயிலைச் சூழ்ந்து எழுந்த ஊர்கள் உள. குளத்தை நம்பி வளர்ந்த ஊர்கள் உள. துறைமுகத்தாற் பெயர்பெற்ற ஊர்களும் உள. ஒரு நீராலையின் சக்கரத்தைச் சுற்றித் தோன்றிய சிற்றூர் ஒன்றினை இவ்வாரம் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். அதனை நிறுவியவர்கள், நம் நாட்டுக்கும் நன்கு அறிமுகமான ஒல்லாந்தர். ஆனால் அது இருப்பதோ அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில்.

மன்ஹாட்டன் தீவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 மைல் தூரஞ் சென்றால், ஹட்சன் நதி ஒரு கடலேரிபோல அகன்று கிடக்கும் இடத்தை அடைகின்றோம். அங்கே கீழ்க்கரையில் பொக்காண்டிக்கோ என்னும் சிற்றாறு வந்து கலக்கின்றது. அதன் குறுக்கே ஓர் அணை. அணையினருகே மரத்தாலான ஆலை. ஆலைக்குப் பக்கத்தில் வெண்ணிறக் கல்வீடு. சற்று அப்பால் மேட்டின்மீது பழைய ஒல்லாந்தர் தேவாலயம். ஊரின் இன்றைய பெயர் ஸ்லீப்பி ஹொலோ. உறக்கம் பிடித்த பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். பெயர் உறக்கத்தைச் சொன்னாலும், ஊரின் சரித்திரம் நம்மை உறங்கவிடாத சரித்திரமாகும்.

கொம்பனி தேடிய வழி

1609 ஆம் ஆண்டில் ஹென்றி ஹட்சன் என்னும் ஆங்கில மாலுமி இந்நதியில் கப்பல் செலுத்தி வந்தார். அவரை அனுப்பியது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. பின்னாளில், 1658 இல், யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே கொம்பனிதான். வாசனைத் திரவியங்கள் விளையும் கீழைத்தேசங்களுக்குக் குறுக்குவழி காணுமாறு பணிக்கப்பெற்ற அவர், வழி காணவில்லை. நதி ஒன்றைக் கண்டார். அந்நதி அவர் பெயரையே பெற்றது.

அவ்வாறு காணப்பட்ட நிலத்தில் ஒல்லாந்தர் நியூ நெதர்லாந்து என்னும் குடியேற்றத்தை அமைத்தனர். அதனை ஆண்டது மேற்கிந்தியக் கொம்பனி. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் எழுந்த நியூ அம்ஸ்டர்டாம் அதன் தலைநகர். கரையோரங்களில் வழிவழியாக வாழ்ந்துவந்த பழங்குடி மக்கள் போராலும் நோயாலும் நிலவிற்பனையாலும் சிறுகச் சிறுக அப்புறப்படுத்தப்பட்டனர். பொக்காண்டிக்கோ என்னும் பெயர் அவர்கள் விட்டுச் சென்றது. ஒல்லாந்த மாலுமிகள் அவ்வாற்று முகத்தைத் தம் மொழியில் ‘உறங்குவோர் துறை’ என்னும் பொருள்பட அழைத்தனர். ஸ்லீப்பி ஹொலோ என்னும் பெயரின் வேர் அதுவே என்பர். பக்கத்து ஊரான டாரிடவுணின் பெயர், கோதுமையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்ததெனக் கூறுவோரும் உளர். மாலுமியின் உறக்கத்திற் பாதியும் உழவனின் கோதுமையிற் பாதியுமாகப் பிறந்தன இவ்விரு பெயர்களும் எனலாம்.

தச்சர் பிரபுவான கதை

பிரீஸ்லாந்து மாகாணத்திலுள்ள போல்ஸ்வார்ட் என்னும் ஊரில் 1626 இல் பிறந்தவர் பிரெடரிக் பிலிப்ஸ். நியூ அம்ஸ்டர்டாமில், ஆளுநர் ஸ்டைவசண்டின் காலத்தில், கொம்பனியின் தச்சராக அவர் தொழில் தொடங்கினார். உளி பிடித்த கை விரைவிலே தராசையும் பிடித்தது. 1662 இல் மார்கரெட் ஹார்டன்புறூக் என்னும் விதவையை மணந்தார். அம்மையார் தாமாகவே கப்பல்களை உடைமையாக வைத்து, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி வாணிகஞ் செய்தவர். ஒல்லாந்தச் சட்டம் மணமான பெண்ணுக்கும் தன் பெயரில் வாணிகஞ் செய்யும் உரிமையை அளித்திருந்தது. ஆங்கிலச் சட்டம் வந்தபின் அவ்வுரிமை சுருங்கிற்று. பிலிப்ஸ் குடும்பத்தின் செல்வத்திலே பெரும்பங்கு இவ்வம்மையாரின் மதிநுட்பத்தால் வந்ததென்பதை மறத்தல் ஆகாது.

1664 இல் ஆங்கிலேயர் போர்க்கப்பல்களுடன் வந்தனர். நியூ அம்ஸ்டர்டாம் நியூயோர்க் ஆயிற்று. காற்று வீசும் திசையறிந்து பாய் விரிக்கக் கற்றவரான பிரெடரிக், ஆங்கில அரசருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்துகொண்டார். குடியேற்றத்தின் முதன்மையான செல்வந்தருள் ஒருவராகவும் ஆனார். ஹட்சன் கரையில் நிலத்தின்மேல் நிலமாக வாங்கிச் சேர்த்தார். 1693 இல் அரச சாசனம் கிடைத்தது. தச்சர் பிரபுவானார். ஏறத்தாழ 52,000 ஏக்கர் நிலம் ‘பிலிப்ஸ்பேர்க்’ என்னும் பெயருடன் அவருக்கு உரிமையாயிற்று. மன்ஹாட்டனையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கட்டி, கடப்போரிடம் ஆயம் வாங்கும் உரிமையும் அச்சாசனத்தில் அடங்கியிருந்தது.

இப்பெருநிலத்திலே இரண்டு ஆலைகள் இருந்தன. தெற்கே யொங்கர்ஸ் என்னும் இடத்திலிருந்தது கீழாலை. பொக்காண்டிக்கோவில் இருந்தது மேலாலை. நாம் பார்க்க வந்தது இம்மேலாலையையே.

நீரும் கல்லும்

ஒல்லாந்தர் என்றதும் காற்றாலையே நம் கண்முன் நிற்கும். மேடு பள்ளமற்ற அவர்தம் தாய்நாட்டிற் காற்றே துணை. குன்றுகளிடையே இறங்கிவரும் ஆறு கிடைத்த இடத்திலோ அவர்கள் நீரைத் துணைக்கொண்டனர். ஆற்றை மறித்து மரத்தாலும் கல்லாலும் மண்ணாலும் அணை கட்டினர். அணையில் தேங்கிய நீர் மடைவழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரத்தின் அச்சிலே பொருத்திய மரப்பல் உருளைகள் அச்சுழற்சியைத் திருப்பி மேலே உள்ள ஆலைக்கல்லுக்கு அனுப்பின.

நம் வீடுகளிலுள்ள திரிகையைப் பெரிதாக்கி எண்ணிக்கொண்டால் வாசகர்களுக்கு ஆலையின் அமைப்பு எளிதில் விளங்கும். திரிகையில் அடிக்கல் அசையாதிருக்க மேற்கல் சுழல்வதுபோலவே இங்கும். ஆயின் இங்கே மேற்கல் ஒருவரால் தூக்கமுடியாத பாரமுடையது. தானியம் மேலிருக்கும் மரப்பெட்டியிலிருந்து சிறுகச் சிறுகக் கல்லின் நடுக்கண்ணில் விழுகின்றது. கற்களின் முகத்திலே வெட்டப்பட்ட வரிகள் அதனை நொறுக்கி விளிம்புக்குத் தள்ளுகின்றன. அங்கிருந்து மா கீழே வழிகின்றது.

சொல்லும்போது எளிது. கற்கள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பொறி பறக்கும். மாத்தூசி நிறைந்த மரக்கட்டடத்தில் தீப்பொறி ஒன்று போதும். இடைவெளி கூடினால் தானியம் அரையாமல் வரும். குறைந்தால் மா சூடேறிக் கருகல் வாசம் வீசும். ஆகவே ஆலையை நடத்துபவர் கல்லின் ஓசையைக் காதாலும், மாவின் வாசத்தை மூக்காலும், அதன் பதத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும் அறிந்திருத்தல் வேண்டும். மழை மிகுந்தால் மடையை அடைக்கவும், நீர் குறைந்தால் பொறுத்திருக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். கல்லின் வரிகள் தேய்ந்தபொழுது, கல்லைப் புரட்டி, உளிகொண்டு மீண்டும் வெட்டுதல் வேண்டும். நம் ஊர்களில் அம்மி பொளிபவர் செய்யும் வேலைதான். ஆனால் நுணுக்கம் பன்மடங்கு. இவ்வித்தை எழுத்திற் கற்பதன்று. ஆண்டுக்கணக்கில் கையாற் கற்பது.

மா சென்ற இடம்

பிலிப்ஸ் குடும்பத்தின் நிலத்திற் குத்தகைக்கு இருந்த குடியானவர்கள் ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் எனப் பல இனத்தவர். நிலத்துக்கான வாரத்தைப் பெரும்பாலும் கோதுமையாகவே அளந்தனர். தம் தானியத்தையும் இவ்வாலையிலே அரைப்பித்து, அதற்குரிய பங்கையும் கொடுத்தனர். ஆலையினருகே துறையும் இருந்தது. ஹட்சனின் கடல்வற்று, கடற்பெருக்கு அறிந்து பாய்மரத் தோணிகள் அத்துறைவரை வந்து மா ஏற்றிச் சென்றன.

மா நியூயோர்க் நகருக்குச் சென்றது. அந்நகரின் செல்வத்துக்கு மாவே அடிப்படையென்பதற்கு அதன் முத்திரையே சான்று. 1686 இல் அமைந்த அம்முத்திரையிலே காற்றாலையின் சிறகுகளும், நீர்நாய் போன்ற பீவர் என்னும் பிராணிகள் இரண்டும், மாப்பீப்பாய்கள் இரண்டும் இடம்பெற்றுள்ளன. இன்றும் அவற்றைக் காணலாம். நகரிலிருந்து மாவும் கப்பற் பிஸ்கோத்தும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயின. அத்தீவுகளிற் கரும்புத் தோட்டங்கள். தோட்டங்களில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அங்கே நிலமெல்லாம் கரும்புக்கே போனமையால் உணவுக்கு வெளியூரை நம்பவேண்டியிருந்தது. அங்கிருந்து சீனியும் பாகும் மதுவும் திரும்பி வந்தன. பொக்காண்டிக்கோவின் தெளிந்த நீர் சுழற்றிய கல், கடலுக்கு அப்பாலிருந்த கரும்புத் தோட்டத்தின் சாட்டையுடன் இவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தது.

பிலிப்ஸ் குடும்பத்தார் மாவை மட்டும் கப்பலேற்றினாரல்லர், மனிதரையும் ஏற்றினர். 1685 இல் அவர்களுடைய ‘சார்ள்ஸ்’ என்னும் கப்பல் கொங்கோ நதிப் பிரதேசத்திலிருந்து மக்களைச் சிறைப்பிடித்து ஏற்றி வந்தது. பெரும்பாலோர் பார்பேடோசுத் தீவில் விற்கப்பட்டனர்; எஞ்சிய சிலர் நியூயோர்க் குடியேற்றத்திற் கரையிறக்கப்பட்டனர். பின்னர் அவர்களுடைய கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கும் வந்தன. மடகஸ்காரிலே கடற்கொள்ளையருடன் நடத்திய கொடுக்கல் வாங்கல் வெளிப்பட, 1698 இல் பிரெடரிக் பிலிப்ஸ் ஆளுநர் சபையிலிருந்து விலகவேண்டியதாயிற்று. 1702 இல் அவர் காலமானார். தேவாலயத்தின் நிலவறையில் அவருடைய உடல் துயில்கின்றது.

தட்டுமுட்டுகளுக்கிடையே 23 பெயர்கள்

தந்தைக்குப்பின் மேலாலை மகன் அடொல்ப் பிலிப்சின் கைக்கு வந்தது. அவர் மணஞ் செய்யாதவர், வணிகர், குடியேற்றச் சட்டசபையின் சபாநாயகராகவும் இருந்தவர். நகரத்திலேயே வாழ்ந்தார். பொக்காண்டிக்கோவுக்கு எப்போதாவது வருவார். அவ்வாறாயின், ஆலையை நடத்தியவர் யார்?

இவ்வினாவுக்கு விடை அடொல்ப் இறந்தபின்னரே ஏட்டில் ஏறியது. 1750 இல் அவர் காலமானதும், வழக்கப்படி அவருடைய உடைமைகள் யாவும் பட்டியலாக எழுதப்பெற்றன. கதிரை, மேசை, கெண்டி, கட்டில், மாடு, குதிரை என்னும் வரிசையிலே 23 மனிதரின் பெயர்களும் எழுதப்பட்டன. சீசர், டயமண்ட், மாசி, டைனா, அபிகேல் எனத் தொடரும் அப்பட்டியலில் உழைக்கும் ஆடவரும் பெண்டிரும் உளர்; வேலைக்கு உதவாதவரென்று குறிக்கப்பட்ட முதியவரும் உளர்; தாயின் மடி நீங்காத சிறு குழந்தைகளும் உளர்.

சீசர் என்பவரே ஆலையை நடத்திய ஆலைக்காரர். மேலே நாம் விரித்துரைத்த வித்தை முழுவதும், அஃதாவது கல்லின் ஓசையை அறிதலும், மாவின் பதத்தை உணர்தலும், நீரின் போக்கைக் கணித்தலும், இவருடைய வித்தையாகும். தோணியைச் செலுத்தி மாவை நகருக்குக் கொண்டுசென்றவர் டயமண்ட். பாலைக் கடைந்து விற்பனைக்கான வெண்ணெயைத் திரட்டியவர்கள் பெண்கள். ஒல்லாந்தப் பிரபுவின் ஆலையூர் எனப்படுவதன் உயிர்மூச்சு இவர்களே. தம் திறமையால் ஓர் ஊரையே இயக்கியவர்கள், தம்மைத் தாமே உடைமையாகக் கொள்ளமுடியாதவர்களாய் இருந்தனர். அவ்வாண்டிலேயே மாடு கன்றுகளுடன் அவர்களும் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டனர்.

பட்டியலை எழுதியவர் அவர்களை நினைவுகூர எண்ணி எழுதினாரல்லர். விலை மதிக்கவே எழுதினார். ஆயினும் அவர்களை மறவாமற் காத்தது அவ்வேடே. பெயரற்றுப் போகவேண்டுமென்று விதிக்கப்பட்டவர்களின் பெயர்களைக் கணக்கன் ஒருவனின் எழுதுகோல் தன்னையறியாமலே காப்பாற்றி வைத்தது.

சுதந்திரப் போரும் பின்னும்

அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தபொழுது பண்ணையின் பிரபுவாக இருந்தவர் மூன்றாம் பிரெடரிக் பிலிப்ஸ். அவர் ஆங்கில அரசரின் பக்கம் நின்றார். 1776 இல் கைதானார். 1779 இல் நியூயோர்க் மாநிலம் அவருடைய நிலமனைத்தையும் பறிமுதல் செய்தது. 1780 செப்டெம்பர் 23 ஆந் திகதி, ஆங்கில ஒற்றரான மேஜர் அந்திரே, டாரிடவுணில் மூன்று குடிப்படை வீரரிடம் அகப்பட்டார். இப்பகுதி அமெரிக்கச் சரித்திரப் புத்தகங்களிற் புகுந்தது அச்சம்பவத்தாலே. போர் முடிந்தபின் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. வாரமளந்து வந்த குத்தகைக்காரர் பலர் தாம் உழுத நிலத்துக்குத் தாமே உரியவராயினர். ஆலையையும் கல்வீட்டையும் 1785 இல் பீக்மன் குடும்பத்தார் வாங்கினர். பிலிப்ஸ் பிரபு இங்கிலாந்து சென்று அங்கேயே இறந்தார்.

சுதந்திரம் என்னும் சொல் நாடெங்கும் ஒலித்தபோதும் அடிமைகளுக்கு அது உடனே கிட்டவில்லை. 1799 இல் நியூயோர்க் மாநிலம் படிப்படியாக விடுதலையளிக்கும் சட்டத்தை இயற்றியது. முற்றான விடுதலை 1827 ஜூலை 4 ஆந் திகதியே வந்தது. அதற்குச் சற்று முன், 1825 இல் திறக்கப்பட்ட ஈரிக் கால்வாய், மேற்கே விளைந்த கோதுமைக்குப் பெருவழி காட்டியது. உள்நாட்டு ரொச்செஸ்டர் நகரம் மாவுக்குப் பெயர்பெற்றது. சிற்றாறுகளின் சிறிய ஆலைகள் ஓய்ந்தன.

ஊருக்கோ வேறொரு புகழ் காத்திருந்தது. 1820 இல் வொஷிங்டன் ஏர்விங் என்னும் எழுத்தாளர், தலையில்லாக் குதிரைவீரன் ஒருவன் இப்பள்ளத்தாக்கில் இரவில் உலவுவதாகக் கதை எழுதினார். அக்கதை உலகெங்கும் பரவியது. 1859 இல் இறந்த அவரும் தேவாலயத்தையடுத்த இடுகாட்டிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். வட டாரிடவுண் என்று வழங்கிய ஊர், மோட்டார் வண்டித் தொழிற்சாலை மூடப்பட்ட 1996 ஆம் ஆண்டிலே, வாக்கெடுப்பின் மூலம் தன் பெயரை ஸ்லீப்பி ஹொலோ என மாற்றிக்கொண்டது. ஆலையால் வாழ்ந்து, தொழிற்சாலையால் வாழ்ந்து, முடிவில் ஒரு கதையின் பெயரால் வாழத் துணிந்தது அவ்வூர்.

கோட்டை எனப்பட்டது, ஆலையாயிற்று

1940 இல் கல்வீடு அழியும் நிலையில் இருந்தபொழுது, இளைய ஜோன் டி. றொக்பெல்லர் பொருளுதவி செய்து அதனைக் காத்தார். 1943 இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அப்போது அதற்கு இடப்பட்ட பெயர் ‘பிலிப்ஸ் கோட்டை’. பிரபுவின் பெருமையே அங்கு காட்டப்பட்டது. பின்னர் நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்து, பழைய அணையும் ஆலையும் இருந்தவாற்றை அறிந்து, புதிதாகக் கட்டி, 1969 இல் மீண்டும் திறந்தனர். அதன்பின்னும் சில பத்தாண்டுகள் சென்றன. அந்நூற்றாண்டின் இறுதியிலேதான் அந்த 23 பேரின் வாழ்வு கதையின் நடுவிடத்துக்கு வந்தது. சீசர் என்னும் பெயரைச் சொல்லி ஆலையின் தொழிலை விளக்கும் வழக்கம் அதன் பின்னரே வேரூன்றியது. ஒல்லாந்தரின் பெந்தேகொஸ்தே விழாவை ஆபிரிக்க மக்கள் தம் ஆடலும் பாடலும் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டனர். ‘பிங்க்ஸ்டர்’ என்னும் அவ்விழாவும் இவ்விடத்தில் மீண்டும் கொண்டாடப்படலாயிற்று.

கட்டடம் ஒன்றேதான். ஆனால் யாரைக் கேட்டால் எந்தக் கதை கிடைக்கும் என்பதே வேறுபாடு. பிரபுவின் சாசனத்தைக் கேட்டால் ஏக்கர்க் கணக்குக் கிடைக்கும். பட்டியலைக் கேட்டால் மனிதர் கிடைப்பர்.

இஃது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய செய்தியென்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. அதே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலே காணிகளையும் குடிகளையும் தோம்புகளில் எழுதிவைத்தனர். 1707 இல் தேசவழமையையும் தொகுத்து எழுதுவித்தனர். அத்தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் ஒரு பகுதியாக உள்ளன. அவ்வடிமை முறை ஒல்லாந்தர் கொண்டுவந்து நட்ட மரமன்று. நம் மண்ணில் முன்னரே நின்றதற்கு அவர்கள் எழுத்தால் வேலியிட்டனர். இலங்கையிலே அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1844 இல். நியூயோர்க்குக்குப் பதினேழு ஆண்டுகள் பிந்தி. காணியின் எல்லைக்காகவும் உறுதியின் உரிமைக்காகவும் பழைய ஏடுகளைப் புரட்டும் நாம், அக்காணியை உழுத கைகளின் பெயரைத் தேடி ஒருமுறையேனும் அவற்றைப் புரட்டியதுண்டா?

பொக்காண்டிக்கோவின் ஆலையிலே அரைக்கப்பட்ட கோதுமை எவர் வீட்டுப் பாணாயிற்றோ அறியோம். உண்டவர் பெயரும் உண்பித்தவர் பெயரும் காலத்தோடு போயின. கல்லை உளிகொண்டு பொளிந்த சீசரின் பெயர் நிற்கின்றது. ஊரைக் கண்டவர் ஒல்லாந்தர் என்று சொல்வது தவறன்று. ஊரை நடத்தியவர் எவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவ்வூரின் சரித்திரம் நிறைவு பெறும்.